ட்ரைவால் மூலையும் ஜாயின்ட்டும்: ஆள் வைக்காமல் வீட்டில் நீங்களே முடிப்பது எப்படி

அமெரிக்காவிலோ கனடாவிலோ வீடு வாங்கி, பேஸ்மென்ட்டை முடிக்கலாம் என்று இறங்குகிற நம் ஆட்கள் நிறையப் பேர் ஸ்டட் (சுவருக்குள் நிற்கும் சட்டம்) நிறுத்துவது, ட்ரைவால் பலகையைத் தூக்கி ஸ்க்ரூ முடுக்குவது வரை தாங்களே செய்துவிடுகிறார்கள். பலகைகள் சேரும் ஜாயின்ட்டுக்கு டேப் ஒட்டி மட் (பட்டி மாதிரியான ஜாயின்ட் காம்பவுண்ட்) இழுக்கிற கட்டம் வந்ததும் பயந்துபோய் ஆளைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. இது உடம்பு பலம் கேட்கிற வேலை இல்லை, விலை கூடின மெஷின் எதுவும் வேண்டாம். எந்தப் பூச்சை எவ்வளவு மெல்லிசாகப் போடணும், எதை எப்போது தொடக்கூடாது என்கிற இரண்டும் தெரிந்தால் வீட்டில் யாரும் செய்யலாம்.

நம் ஊர்ச் சுவரில் ஜாயின்ட் என்ற பேச்சே இல்லை. கொத்தனார் செங்கல் மேல் சாந்து பூசி மட்டப்பலகையால் இழுத்தால் மூலைக்கு மூலை ஒரே பூச்சுதான். இங்கேயும் ஒரு காலத்தில் மரச்சட்டத்தின் மேல் அடுக்கடுக்காகச் சாந்து பூசி வாரக்கணக்கில் காயவிட்டார்கள். 1894-இல் அகஸ்டின் சாக்கெட் என்பவர் காகித அடுக்குகளுக்கு நடுவே ஜிப்சம் சாந்து வைத்த பலகைக்குப் பேட்டன்ட் வாங்கினார், இன்றைய ட்ரைவால் அதன் வழியில் வந்ததுதான். வாரக்கணக்கான வேலை மிச்சமானது, அதற்குப் பதிலாக 4 அடிக்கு ஒரு ஜாயின்ட் வந்து சேர்ந்தது. அதனால் சுவர் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை இங்கே பலகை தீர்மானிப்பதில்லை, ஜாயின்ட்டும் மூலையும்தான் தீர்மானிக்கின்றன.

ஜாயின்ட் மேல் டேப் ஒட்டினால் அங்கே ஒரு சின்ன மேடு வரத்தான் செய்யும். அதைத் தேய்த்து இல்லாமல் செய்யப் பார்த்தால் டேப்தான் வெளியே வரும். நாம் செய்யவேண்டியது அந்த மேட்டை இரண்டு பக்கமும் அகலமாகப் பரப்பி, அதன் சரிவைக் கண்ணுக்கும் பக்கவாட்டு வெளிச்சத்துக்கும் பிடிபடாத அளவுக்குக் குறைப்பது. முதல் பூச்சுக்கு 6 இன்ச் தகடு (மட் இழுக்கிற அகலமான கத்தி), அடுத்ததுக்கு 10, கடைசிக்கு 12 என்று தகடு அகலமாகிக்கொண்டே போவது இதற்காகத்தான். புதிதாகச் செய்கிறவர்கள் ஜாயின்ட்டை நிரப்பவேண்டிய பள்ளமாக நினைத்து மட்டைக் குவித்துவிட்டு அப்புறம் மூன்று நாள் தேய்க்கிறார்கள். மெல்லிசாக, அகலமாகப் போடுங்கள், தேய்க்கிற வேலை அரைமணியில் முடியும்.

பழைய வீடாக இருந்தால் முதலில் இதைப் படியுங்கள்

1980-க்கு முன் கட்டிய வீட்டில் இருக்கிற பழைய ஜாயின்ட்டைத் தேய்க்கவோ உடைக்கவோ போகிறீர்கள் என்றால் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தக் காலத்து ஜாயின்ட் காம்பவுண்ட் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1977-இல்தான் அந்த மாதிரி பட்டிப் பொருட்களைத் தடை செய்தது, அதற்கு முன் வாங்கி வைத்த சரக்கு அதன்பின்னும் சில காலம் சுவருக்குப் போயிருக்கலாம். 1978-க்கு முந்தைய வீட்டில் பெயின்ட்டில் ஈயமும் இருக்கலாம். ஒரு சின்னத் துண்டை ஈரப்படுத்தி எடுத்து லேபுக்கு அனுப்பிச் சோதித்துக்கொள்ளப் பெரிய செலவில்லை. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதில் அலட்சியம் கூடவே கூடாது. புதுப் பலகை, புது மட் என்றால் இந்தக் கவலை இல்லை.

என்னென்ன வாங்கணும்

மட் இரண்டு வகை. வாளியில் கலந்தே வருவது ஒன்று, பையில் பொடியாக வந்து நாம் தண்ணீர் ஊற்றிக் கலக்குவது இன்னொன்று. இரண்டும் வேலை செய்கிற விதமே வேறு. வாளி மட்டில் இருக்கிற தண்ணீர் ஆவியாகிக் காய்கிறது, அதனால் சுருங்கும், ஒரு பூச்சுக்கு ஒரு நாள் ஆகும், பேஸ்மென்ட் ஈரமாக இருந்தால் அதற்கும் மேலே ஆகும். பைப் பொடி தண்ணீரோடு வேதிவினை செய்து இறுகுகிறது, கலக்கிய பாத்திரத்தைத் தொட்டால் சூடு தெரியும். பையின் மேல் 20, 45, 90 என்று போட்டிருப்பது எத்தனை நிமிடத்தில் இறுகும் என்பது. இங்கே ஹாட் மட் என்பார்கள். சுருக்கம் குறைவு, பலம் அதிகம். அதிலும் டியூராபாண்ட் என்கிற வகை இறுகிவிட்டால் தேய்ப்பது பெரும்பாடு, ஈஸி சாண்ட் என்கிற வகை பரவாயில்லை, தேயும்.

முதல் தடவை செய்கிறவருக்கு நான் சொல்வது இதுதான்: இடைவெளி அடைப்பதற்கும் வெளிமூலைக்கும் 45 அல்லது 90 நிமிட ஈஸி சாண்ட் ஒரு பை. டேப் ஒட்ட ஆல் பர்ப்பஸ் வாளி ஒன்று. மேல் பூச்சுகளுக்கு லைட்வெயிட் வாளி ஒன்று. லைட்வெயிட்டில் ஒட்டும் பசை குறைவு, தேய்க்கச் சுலபம், ஆகவே அதை டேப்புக்கு அடியில் போடாமல் மேலே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டேப் விஷயத்தில் காகித டேப்தான் என் கட்சி. பின்னால் பசை இருக்கிற ஃபைபர்கிளாஸ் வலை டேப்பைப் பார்த்தால் சுலபமாகத் தெரியும், மட் இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். ஆனால் வலை இழுபடும், காகிதம் இழுபடாது. வலை டேப் மேல் முதல் பூச்சாக வாளி மட்டைப் போட்டால் பின்னால் விரிசல் விடும் வாய்ப்பு அதிகம், அதற்கு ஹாட் மட் கட்டாயம். உள்மூலையில் வலை டேப்பைத் தொடவே வேண்டாம், நேராக மடியாது, தகட்டின் முனை பட்டால் அறுந்துவிடும். காகித டேப்புக்கு நடுவில் மடிப்புக் கோடு வாங்கும்போதே இருக்கும். 1000 சதுர அடிப் பலகைக்கு 400 அடி டேப் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தகடுகள் 6, 10, 12 இன்ச் என மூன்று, மட் வைத்துக்கொள்ள நீளமான பான் ஒன்று, ட்ரில்லில் மாட்டிக் கலக்க ஒரு துடுப்பு, பீட் (வெளிமூலைக்கு வைக்கிற பட்டை) வெட்டத் தகரக் கத்திரி, கம்பு வைத்த சாண்டர், 120-150 உப்புத்தாள், அப்புறம் ஒரு நல்ல எல்இடி ஒர்க் லைட். விளக்கை விட்டுவிடாதீர்கள். மேலே இருந்து அடிக்கிற வெளிச்சத்தில் எல்லாச் சுவரும் அழகாகத்தான் தெரியும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் விளக்கை வைத்தால்தான் மேடும் கோடும் உண்மையைச் சொல்லும்.

பலகை அடிக்கும்போதே ஜாயின்ட் வேலை ஆரம்பித்துவிடுகிறது

பலகையின் நீளப் பக்கம் இரண்டும் ஓரத்தில் லேசாகச் சரிந்திருக்கும். அப்படி இரண்டு ஓரம் சேரும் இடத்தில் ஆழம் குறைந்த ஒரு பள்ளம் கிடைக்கும், டேப்பும் மட்டும் அதற்குள் அடங்கிவிடும். குட்டைப் பக்கத்துக்கு இந்தச் சரிவு கிடையாது, அங்கே இரண்டு பலகை முட்டினால் மேடு நிச்சயம். இதை பட் ஜாயின்ட் என்பார்கள். முடிந்தவரை 12 அடிப் பலகை வாங்கி, குறுக்கே படுக்கவைத்து அடித்து, பட் ஜாயின்ட்டையே தவிர்த்துவிடுங்கள். 12 அடிப் பலகை மாடிப்படியில் இறங்காத வீடும் இருக்கிறது, அப்போது வேறு வழியில்லை.

கதவு, ஜன்னல் மூலைக்கு நேராக ஜாயின்ட் வரக்கூடாது. அந்த இடத்தில்தான் சட்டம் அதிகமாக அசையும், எவ்வளவு நன்றாக டேப் ஒட்டினாலும் ஒரு நாள் சாய்வாக விரிசல் ஓடும். முழுப் பலகையை அடித்துவிட்டு கதவு இடத்தை அப்புறம் வெட்டி எடுங்கள், பலகை வீணாகிறது என்று பார்க்காதீர்கள்.

மேற்கூரைப் (சீலிங்) பலகையை முதலில் அடித்து, சுவர்ப் பலகை அதன் ஓரத்தைத் தாங்குகிற மாதிரி நிறுத்தணும். அரை இன்ச் பலகைக்கு ஒன்றேகால் இன்ச் ஸ்க்ரூ. அதன் தலை காகிதத்தைக் கிழிக்காமல் லேசாகக் குழிவாக உட்காரணும், கிழிந்தால் அந்த ஸ்க்ரூ எதையும் பிடிக்காது, பக்கத்தில் இன்னொன்று போடுங்கள். தரையிலிருந்து அரை இன்ச் தூக்கி நிறுத்துங்கள், பேஸ்மென்ட் கான்கிரீட்டின் ஈரம் பலகைக்கு ஏறக்கூடாது.

குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். மேல்மாடியில் கூரை ட்ரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) இருக்கிற வீட்டில், குளிர்காலத்தில் ட்ரஸ்ஸின் அடிச்சட்டம் இன்சுலேஷனுக்குள் வெதுவெதுப்பாகவும் மேல்சட்டங்கள் குளிரில் ஈரம் ஏறியும் இருப்பதால் நடுப்பகுதி வில்லாக மேலே எழும்பும், வெயில் காலத்தில் இறங்கிவிடும். ஒவ்வொரு குளிர்காலமும் உட்சுவரும் மேற்கூரையும் சேரும் மூலை வாயைப் பிளப்பது இதனால்தான். எத்தனை தடவை மட் போட்டாலும் நிற்காது. அந்த உட்சுவரை ஒட்டிய ஒன்றரை அடிக்குள் மேற்கூரைப் பலகையை ட்ரஸ்ஸோடு ஸ்க்ரூ போடாமல் விட்டு, ஓரத்தை மட்டும் சுவரின் மேல்சட்டத்தோடு பிடிக்க வைத்தால் பலகை வளைந்து கொடுக்கும், மூலை பிரியாது.

இடைவெளி அடைப்பது

டேப்பை எடுப்பதற்கு முன் சுவரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அரைக்கால் இன்ச்சுக்கு மேல் இடைவெளி இருக்கிற இடம், உடைந்த ஓரம், சுவிட்ச் பெட்டியைச் சுற்றி அதிகமாக வெட்டுப்பட்ட இடம் எல்லாவற்றையும் ஹாட் மட்டால் அடைத்து இறுகவிடுங்கள். தொங்குகிற காகிதத்தைக் கத்தியால் அறுத்து எடுங்கள். பட் ஜாயின்ட்டில் இரண்டு ஓரத்தையும் கத்தியால் சாய்வாகச் சீவி வி வடிவப் பள்ளமாக்கி அதையும் அடையுங்கள். இந்த வேலையைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் டேப்புக்கு அடியில் வெற்றிடம் இருந்து பின்னால் கொப்புளம் எழும்புகிறது.

ஹாட் மட் கலக்கும்போது வாளியும் துடுப்பும் சுத்தமாக இருக்கணும். முன்பு கலக்கி இறுகின துணுக்கு ஒட்டியிருந்தால் 45 நிமிடப் பொடி இருபதிலேயே இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், இறுக ஆரம்பித்ததில் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பிசையாதீர்கள், அதற்குப் பிறகு அதில் பலம் இருக்காது. மீதியை சிங்க்கில் கொட்டவே கூடாது, இது தண்ணீருக்கு அடியிலும் இறுகும், பைப் மொத்தமாக அடைத்துக்கொள்ளும்.

டேப்

வாளி மட்டைத் திறந்தபடியே போடாதீர்கள், கெட்டியாக இருக்கும். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, டேப்புக்கு இட்லி மாவுப் பதத்துக்கும் கடைசிப் பூச்சுக்கு தோசை மாவுப் பதத்துக்கும் கொண்டுவாருங்கள்.

பட் ஜாயின்ட், அப்புறம் நீள ஜாயின்ட், அப்புறம் உள்மூலை என்று போகலாம். அப்போது முன்னதன் டேப் முனை பின்னதன் அடியில் மறைந்துவிடும். 6 இன்ச் தகட்டால் ஜாயின்ட் நெடுக அரைக்கால் இன்ச் கனத்தில் மட் போடுங்கள், எங்கேயும் வெறும் காகிதம் தெரியக்கூடாது. டேப்பை மடிப்புக் கோட்டின் முதுகு சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்து, விரலால் அங்கங்கே அழுத்திவிட்டு, நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் தகட்டால் இழுங்கள். டேப்புக்கு அடியிலிருந்து அதிகப்படி மட் ஓரமாகப் பிதுங்கி வரணும். ஆனால் மொத்தமாக வழித்து எடுத்துவிடும்படி அழுத்தவும் கூடாது, ஒட்டிக்கொள்ள அடியில் மெல்லிய படலம் ஒன்று மிச்சம் இருக்கணும். சுருக்கம் விழுந்தால் தயங்காமல் அந்த முனைவரை தூக்கி மறுபடி ஒட்டுங்கள், ஈரமாக இருக்கும்வரை எல்லாம் திருத்தலாம். பிதுங்கின மட்டையே டேப் மேல் மெல்லிசாக இழுத்துவிட்டு நகருங்கள்.

உள்மூலை

இந்த வேலையில் எல்லோருக்கும் எரிச்சல் வருவது இங்கேதான். இரண்டு சுவர் சேரும் மூலை, சுவரும் மேற்கூரையும் சேரும் மூலை, இரண்டுக்கும் ஒரே முறைதான்.

இரண்டு பக்கமும் 2-3 இன்ச் அகலத்துக்கு மட் போடுங்கள். டேப்பைக் கோட்டில் மடித்து, விரலால் மூலைக்குள் நெட்டுக்குத் தள்ளிக்கொண்டே போங்கள். அப்புறம் தகட்டை எடுத்து ஒரு பக்கத்தை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுங்கள், பிறகு மறுபக்கத்தை. அழுத்தம் தகட்டின் வெளி ஓரத்தில் இருக்கணும், மூலைக்குள் போகிற முனை வெறுமனே தொட்டுக்கொண்டு வந்தால் போதும். அங்கே அழுத்தினால் மடிப்பில் டேப் அறுபடும். புதுத் தகட்டின் முனை கூர்மையாக இருந்தால் உப்புத்தாளில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள்.

டேப் காய்ந்த பிறகு போடுகிற பூச்சுகளில்தான் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றணும்: ஒரு நாளைக்கு மூலையின் ஒரு பக்கம் மட்டும். இன்று இடது பக்கம் முழுக்கப் போடுங்கள், காயட்டும், நாளை வலது பக்கம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் வலதை இழுக்கும்போது தகட்டின் முனை ஈரமான இடதைக் கீறும், இடதைச் சரிசெய்யப் போனால் வலதைக் கீறும், இப்படியே ஒரு மணி நேரம் போகும், மூலையில் நேர்க்கோடு வராது. காய்ந்த பக்கம் தகட்டுக்கு ரயில் தண்டவாளமாக நின்று வழிகாட்டினால் கோடு தானாகவே நேராக வரும். அறையில் மூலைகள் பல இருப்பதால் நேரம் வீணாவதில்லை, ஒவ்வொரு மூலையிலும் ஒரு பக்கம் என்று அறையையே சுற்றி வந்துவிடலாம். அவசரமென்றால் 45 நிமிட ஈஸி சாண்ட் கலக்கி ஒரே மாலையில் இரண்டு பக்கமும் முடிக்கலாம்.

இரண்டு பக்கத்தையும் ஒரே இழுப்பில் முடிக்கும் என்று 90 டிகிரியில் வளைத்த கார்னர் ட்ரவல் ஒன்று கடையில் விற்கிறார்கள். நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். மரச்சட்ட வீட்டில் சரியாக 90 டிகிரியில் நிற்கிற மூலை அபூர்வம், அந்தக் கருவியோ வளைந்துகொடுக்காது, கடைசியில் 6 இன்ச் தகட்டால்தான் திருத்தவேண்டி வரும்.

இரண்டு சுவரும் மேற்கூரையும் ஒன்றாகச் சேரும் அந்த முக்கூட்டு முனையில் மட் தேங்கும். மூன்று டேப் முனைகளையும் அங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல் முட்டுகிற மாதிரி சாய்வாக வெட்டி வையுங்கள். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் ஈரமாக இருக்கும்போதே அங்கே சேர்ந்ததை வழித்தெடுத்துவிடுங்கள்.

வெளிமூலை

வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மூலைக்கு டேப் மட்டும் போதாது, நாற்காலி இடித்தாலே உடைந்துவிடும். அதற்குத்தான் கார்னர் பீட். துத்தநாகம் பூசின தகர பீட்டை ஆணி அடித்துப் பிடிக்கவைப்பது பழைய முறை. மலிவு, பலம், ஆனால் பலமாக இடிபட்டால் ஓரத்தில் மட் விரிசல் விட்டு நீளக்கோடாகத் தெரியும். வினைல் பீட்டை ஸ்ப்ரே பசையும் ஸ்டேப்பிளும் வைத்து ஒட்டலாம், துருப்பிடிக்காது. என் தேர்வு காகிதம் ஒட்டின தகர பீட். இதை மட் வைத்தே ஒட்டுகிறோம், ஓரத்தில் காகிதம் பலகையோடு ஒன்றிப்போவதால் அந்த நீளக்கோட்டு விரிசல் பெரும்பாலும் வருவதில்லை. டெக்சஸ், அரிசோனா பக்கத்து வீடுகளில் பார்க்கிற உருண்டை மூலைக்கு புல்நோஸ் பீட் தனியாகக் கிடைக்கும்.

முதலில் மூலையில் பலகை ஓரம் எதுவும் துருத்திக்கொண்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் சீவிவிடுங்கள், இல்லாவிட்டால் பீட் உட்காராது. மூலையின் உயரத்தைவிட அரை இன்ச் குறைவாக வெட்டி, மேலே முட்டவைத்து, குறைவை அடியில் விடுங்கள். பேஸ்போர்டு (சுவரின் அடியில் வைக்கிற பட்டை) அதை மறைத்துவிடும், தரை அசைந்தாலும் பீட்டை மேலே தள்ளாது. பிறகு இரண்டு பக்கமும் 3 இன்ச் அகலத்துக்கு மட் போட்டு பீட்டை அழுத்தி, நடுவிலிருந்து மேலும் கீழுமாகத் தகட்டால் இழுங்கள், மட் ஓரத்தில் பிதுங்கணும். நீளமான ரசமட்டத்தை வைத்து நேராக நிற்கிறதா என்று உடனே பாருங்கள், இறுகிய பிறகு எதையும் மாற்றமுடியாது.

சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. தகட்டின் ஒரு முனையை பீட்டின் மூக்கிலும் (மூலையில் துருத்தி நிற்கிற விளிம்பு) மறுமுனையைச் சுவரிலும் வைத்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரியணும், அந்த இடைவெளிதான் மட் நிற்கப்போகிற இடம். தகடு நடுவில் பீட்டின் இறக்கையைத் தொட்டால் மட் தங்காது, தகரம் பெயின்ட்டில் தெரியும். அந்த இடத்தைத் தட்டி உள்ளே தள்ளுங்கள் அல்லது பீட்டைக் கழற்றி மறுபடி வையுங்கள்.

நிரப்பும்போது இதே மூக்கும் சுவரும்தான் வழிகாட்டி. ஒரு ஓரம் மூக்கில் ஏறி, மறு ஓரம் சுவரில் சரிந்து தகடு கீழே வரும். நடுவில் மூக்கு இருப்பதால் இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் போடலாம், உள்மூலையின் தொல்லை இங்கே இல்லை. முதல் நிரப்பல் ஹாட் மட் என்றால் அதிகம் சுருங்காது, பலமும் கிடைக்கும். அப்புறம் 10 இன்ச்சில் ஒன்று, 12 இன்ச்சில் ஒன்று. முடிக்கும்போது மூக்கின் மேல் ஒட்டின மட்டைச் சுரண்டி எடுத்துவிடுங்கள், அங்கே கட்டியாக விட்டால் பெயின்ட் அடித்த பிறகு மூலை பல்லுப்பல்லாகத் தெரியும்.

சாய்ந்த மேற்கூரை, பே விண்டோ மாதிரி 90 டிகிரி இல்லாத மூலைகளுக்கு இரண்டு தகரப் பட்டை உள்ளே வைத்த காகித டேப் சுருளாகக் கிடைக்கும். தகரம் சுவர்ப் பக்கம் இருக்கிற மாதிரி வைக்கணும். சாதா டேப்பை வைத்து அங்கே நேர்க்கோடு கொண்டுவர முயற்சி செய்யவேண்டாம்.

மேல் பூச்சுகள்

டேப் முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. காயாத இடம் சாம்பல் நிறமாக இருக்கும், காய்ந்தால் வெளுத்துவிடும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்த அறையில் மட் போடாதீர்கள், சீக்கிரம் காயட்டும் என்று ஹீட்டரை நேராகச் சுவரின் மேல் திருப்பவும் செய்யாதீர்கள், மேல் காய்ந்து உள்ளே ஈரம் நின்று பாளம் பாளமாக வெடிக்கும். டீஹ்யூமிடிஃபையரும் லேசான காற்றோட்டமும் போதும்.

ஒவ்வொரு பூச்சுக்கு முன்னாலும் தகட்டை வெறுமனே சுவரில் ஓட்டி, துருத்திக்கொண்டிருக்கிற கட்டி, கோடு எல்லாவற்றையும் தட்டிவிடுங்கள். இரண்டாம் பூச்சு 10 இன்ச் அகலம், மூன்றாவது 12. போட்ட பிறகு ஓரங்களில் மட்டும் அழுத்தி ஒரு இழுப்பு, கடைசியாக நடுவில் லேசாக ஒரு இழுப்பு. அதோடு கையை எடுத்துவிடுங்கள். காய ஆரம்பித்த மட்டைத் திரும்பத் திரும்ப இழுத்தால் கிழிந்துதான் வரும். சின்னக் கோடு விழுந்தால் விழட்டும், அடுத்த பூச்சில் அல்லது உப்புத்தாளில் போய்விடும்.

பட் ஜாயின்ட் மட்டும் தனி. அங்கே பள்ளம் இல்லாததால் மேட்டை இன்னும் தூரம் பரப்பணும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி, மொத்தம் 2 அடி அகலம் வந்தால்தான் மறையும். டேப்பின் மேல் கிட்டத்தட்ட எதுவும் போடாமல், அதன் இடதுபக்கம் ஒரு பட்டை, வலதுபக்கம் ஒரு பட்டை என்று போடுங்கள். ஸ்க்ரூ குழிகளுக்கு மூன்று மெல்லிய பூச்சு போதும், வரிசையில் இருக்கிற ஐந்தாறு குழிகளை ஒரே நீளப்பட்டையாகச் சேர்த்து இழுத்தால் வேகமாகவும் போகும், புள்ளி புள்ளியாகவும் தெரியாது.

எவ்வளவு தூரம் போகணும் என்பதற்கு அமெரிக்காவின் ஜிப்சம் அசோசியேஷன் 0 முதல் 5 வரை நிலை வைத்திருக்கிறது. கராஜில் தீத்தடுப்புக்காக டேப்பை மட்டும் ஒட்டி விடுவது நிலை 1. வீட்டுக்குள் மினுமினுப்பு இல்லாத பெயின்ட் என்றால் டேப்பும் அதற்கு மேல் இரண்டு பூச்சும் இருக்கிற நிலை 4 போதும். பளபளப்பான பெயின்ட், அல்லது பெரிய ஜன்னல் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு விழுகிற இடம் என்றால் சுவர் முழுக்க மெல்லிய மட் படலம் இழுக்கிற நிலை 5 தேவை. முதல் அறைக்கு நிலை 4 வைத்துக்கொண்டு மேட் பெயின்ட் அடியுங்கள்.

தேய்ப்பது

மட் தூசு லேசானது இல்லை. அதில் சுண்ணாம்புக்கல், மைக்கா, சில சமயம் சிலிக்காவும் இருக்கும். என்95 மாஸ்க் கட்டாயம் போடுங்கள். வாசலுக்குப் பிளாஸ்டிக் ஷீட் கட்டி, ஃபர்னஸையும் ஏசியையும் அணைத்து, ரிட்டர்ன் வென்ட்டை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் வீடு முழுக்க, துணி அலமாரி வரை, வெள்ளைத் தூசு ஏறும். நுண்தூசுப் பை மாட்டின ஷாப் வேக்கில் (பட்டறை வேக்யூம்) இணைக்கிற சாண்டர் இருந்தால் நல்லது. சாதா வேக்யூமை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், ஃபில்டர் அடைத்து மோட்டார் போய்விடும்.

விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, ஓரங்களை மட்டும் 150 உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பலகையின் காகிதம் பஞ்சு பஞ்சாக எழும்பினாலோ டேப் தெரிந்தாலோ உடனே நிறுத்துங்கள். பள்ளமாகத் தெரிகிற இடத்தைச் சுற்றித் தேய்த்துச் சமன் செய்யப் பார்க்காமல், பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு அப்புறம் மட் போடுங்கள். உள்மூலைக்கு ஓரம் சாய்ந்த ஸ்பான்ஜ் சாண்டர் வாங்கிக்கொள்ளுங்கள், கம்பு சாண்டரின் விளிம்பு எதிர்ச்சுவரில் பள்ளம் போட்டுவிடும். தூசே ஆகாது என்கிறவர்கள் பெரிய ஸ்பான்ஜை ஈரமாக்கிப் பிழிந்து துடைத்தும் ஓரங்களைக் கரைக்கலாம், மெதுவாகத்தான் போகும், ஆஸ்துமா இருக்கிற வீட்டுக்கு நல்ல வழி.

பிரைமரும் அதற்குப் பிறகும்

பலகைக் காகிதமும் மட்டும் பெயின்ட்டை ஒரே அளவு உறிஞ்சாது. பிரைமர் இல்லாமல் நேராகப் பெயின்ட் அடித்தால், எவ்வளவு சமமாக இழுத்திருந்தாலும் ஜாயின்ட் எல்லாம் வேறு பளபளப்பில் பட்டையாகத் தெரியும். தூசை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ட்ரைவாலுக்கான பிவிஏ பிரைமர் ஒரு கை அடியுங்கள். ஒரே நிறம் வந்ததும் இதுவரை தெரியாத குறைகள் தெரியும், ஆகவே இந்தக் கட்டத்தில் விளக்கை மறுபடி பிடித்து, கீறல், ஊசிக்குழி எல்லாவற்றையும் மெல்லிய மட்டால் திருத்தி, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர் வையுங்கள்.

ஊசிக்குழி நிறைய இருந்தால் மட் கெட்டியாக இருந்திருக்கும் அல்லது கலக்கும்போது காற்று ஏறியிருக்கும், தண்ணீராக்கின மட்டை அழுத்தி இழுத்தால் அடைபடும். டேப்பில் கொப்புளம் தெரிந்தால் அடியில் மட் இல்லை என்று அர்த்தம், மேலே எத்தனை பூச்சு போட்டாலும் போகாது, அந்த அளவுக்குக் கத்தியால் வெட்டி எடுத்து ஹாட் மட்டால் நிரப்பி மேலே ஒரு சின்னத் துண்டு டேப் ஒட்டுங்கள். புது வீட்டில் ஒரு வருடத்துக்குள் ஸ்க்ரூ தலை வெளியே தள்ளினால் அது சட்ட மரம் காய்ந்து சுருங்குவதால் வருவது. அந்த ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு ஒன்றரை இன்ச் தள்ளி மேலேயும் கீழேயும் புதிதாக இரண்டு போட்டு மூடுங்கள்.

வாளியில் மட் மிச்சம் இருந்தால் உட்சுவரில் ஒட்டியிருப்பதை வழித்துச் சேர்த்து, மேற்பரப்பைச் சமன்படுத்தி, ஒரு பிளாஸ்டிக் தாளை அதன் மேலேயே ஒட்டும்படி வைத்து மூடிவிடுங்கள். குளிர்காலத்தில் கராஜில் வைக்கவேண்டாம், உறைந்து திரிந்துபோனால் அந்த மட்டை மறுபடி நம்பமுடியாது. மூடியில் தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை திறக்கும்போது நாற்றமோ பூசணமோ தெரிந்தால் அப்படியே குப்பைக்கு.